ஐந்து ஏக்கர் தோப்புக்கு மினி டிராக்டரா, பவர் டில்லரா, வாடகை டிராக்டரா?

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. 20 முதல் 28 குதிரைத்திறன் கொண்ட மினி டிராக்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கலாம். பின்னால் நடந்தபடி கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் 12, 13 குதிரைத்திறன் பவர் டில்லரோடு நிறுத்திக்கொள்ளலாம். எதையும் வாங்காமல், 45 குதிரைத்திறன் டிராக்டரைத் தேவைப்படும்போது மணிக்கணக்கில் வாடகைக்கு அழைக்கலாம். விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் உழவை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள். தோப்பில் ஆண்டு முழுவதும் நடக்கும் வேலைகளை எழுதிப் பார்த்தால் உழவு அவற்றில் சிறு பங்குதான் என்பதால், ஒப்பீட்டையே அங்கிருந்து தொடங்குவது சரியல்ல என்பது என் கருத்து.

உழவை மட்டும் எடுத்துக்கொண்டால் வாடகை டிராக்டருக்கு இணை இல்லை. ஒன்பது கலப்பை பூட்டிய 45 குதிரைத்திறன் வண்டி ஏக்கருக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு இரண்டு பருவம், பருவத்துக்கு இரண்டு உழவு என்ற கணக்கில் ஐந்து ஏக்கருக்கு 20 மணி நேரமே ஆகும். ஐந்து கலப்பை பூட்டிய மினி டிராக்டர் அதே வேலைக்கு ஏறக்குறைய இருமடங்கு நேரம் எடுக்கும். காய்ந்து இறுகிய மண்ணில் அந்த ஆழமும் கிடைக்காது. பெரிய வண்டி தோப்புக்குள் நுழையாது என்ற வாதமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 25 அடி இடைவெளியில், அதாவது 7.5 மீட்டருக்கு ஒன்றாக நட்ட மரங்களுக்கு 1.8 மீட்டர் ஆரத்தில் பாத்தி விட்டாலும், நடுவில் 3.9 மீட்டர் மிஞ்சுகிறது, 1.8 மீட்டர் அகல வண்டி தாராளமாகப் போகும். ஊடே கோகோவோ ஜாதிக்காயோ வாழையோ வைத்த பிறகுதான் அந்த வாதத்துக்கு உயிர் வருகிறது. அப்போது சுமார் ஒரு மீட்டர் அகலமே கொண்ட மினி டிராக்டரையும் பவர் டில்லரையும் விட்டால் வேறு வழியில்லை.

எருவைப் பற்றிய கணக்கு இதைவிட முக்கியமானது. காய்க்கும் தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு 70 மரம் என்றால் ஐந்து ஏக்கரில் 350 மரங்கள். எரு மட்டும் 17.5 டன். ஒரு டன் ஏற்றும் சிறிய டிரெய்லரில் இது 18 நடை. இரண்டு ஆட்கள் ஒரு நடைக்கு எருவை அள்ளிப் போட ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், வாடகை வண்டி அந்த நேரமெல்லாம் சும்மா நின்றபடியே கூலி கேட்கும். சொந்த வண்டியோ இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகமாக உள்ள வேலைகளில்தான் மினி டிராக்டர் தன் விலையைத் திருப்பித் தருகிறது.

அப்படிப்பட்ட வேலைகள் தோப்பில் ஏராளம். ஆண்டுக்கு மரத்துக்கு 12 மட்டை விழுந்தாலே 4,200 மட்டைகளை ஓரம் சேர்க்க வேண்டும். பறிப்பு முடிந்ததும் காயைக் களத்துக்குக் கொண்டுவர வேண்டும்; கோடையில் இளங்கன்றுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இழுக்க வேண்டும்; மழையில் அரித்த பாதையை லெவலர் போட்டுச் சமன் செய்ய வேண்டும்; மருந்துத் தெளிப்பானை ஓட்ட வேண்டும். இவற்றில் எதுவும் அரை நாளைத் தாண்டாது என்பதால் வாடகை வண்டிக்காரர் இவற்றுக்காக வர மாட்டார். அவர் மீது குறை சொல்வதற்கும் இல்லை, ஏனென்றால் மழை பெய்து மண் உழவுக்குப் பதமான ஈரத்துக்கு வந்த அன்று ஊரே அவரை அழைக்கிறது.

பவர் டில்லர் இந்த இடத்தில் பின்தங்குகிறது. டிரெய்லர் மாட்டலாம், உட்கார்ந்து ஓட்ட இருக்கையும் கிடைக்கிறது. ஆனால் கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் வசதி இல்லாததால் லெவலர் போன்றவற்றை அதில் ஒழுங்காகப் பயன்படுத்த முடியாது. உடலுழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு மண்ணைக் கிளறும் வண்டியின் பின்னால் நடப்பவர் ஒரு ஏக்கரை முடிக்க ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர் நடக்கிறார், அதுவும் கைப்பிடியின் அதிர்வைத் தாங்கியபடி. சேற்றுழவில் அதன் இடம் வேறு: சிறு வயல்களில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய பவர் டில்லர், எடை குறைவு என்பதாலேயே புதையாமல் வேலை செய்கிறது. தோப்போடு ஓர் ஏக்கர் நெல்லும் வைத்திருப்பவர் கேரளத்தின் காம்கோ, பெங்களூருவின் வி.எஸ்.டி. ஆகியவற்றின் பவர் டில்லர்களைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

பணக் கணக்கு. மினி டிராக்டரின் விலை ஐந்து லட்சம் ரூபாய், பத்தாண்டு உழைப்பு, இறுதியில் விற்றால் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 35,000. முடங்கிய பணத்துக்கு வட்டி ஏறக்குறைய 29,000. காப்பீடு, ஆயில், பழுதுக்கு ஒரு 12,000. ஆக, வண்டியை எடுக்காமல் நிறுத்திவைத்தாலும் சுமார் 76,000 ரூபாய் போகிறது. வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்ற இடத்தில், டீசலையும் ஓட்டுநர் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்கு 100 மணி நேரத்துக்குக் கீழே ஓடும் சொந்த வண்டி நட்டம். 200 மணி நேரத்தை நெருங்கினால் லாபம் தெளிவாகத் தெரியும். இடைப்பட்ட நிலையில் இருப்பவருக்கு நிற்கும் நேரம்தான் தராசை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று முடிவு செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதும், வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகச் சிறு, குறு விவசாயிகளுக்கு உச்சவரம்புக்கு உட்பட்டு 50 விழுக்காடு வரை மானியம் இருப்பதும் இந்தக் கணக்கை மாற்றக்கூடியவை. வாடகைக்கும் அந்தத் துறையின் வண்டிகளை உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். பதம் வந்த பிறகு பதிவு செய்பவருக்கு முறை வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும்.

ஆகவே என் தேர்வு இரண்டும் கலந்தது: உழவுக்கு வாடகை வண்டி, மற்ற எல்லாவற்றுக்கும் சொந்த மினி டிராக்டர். மட்டையைத் தூளாக்கும் எந்திரங்களில் பல 35 குதிரைத்திறனுக்கு மேல் கேட்பதால், குவித்து வைத்துக்கொண்டு அந்த வேலையையும் வாடகைக்கே விட வேண்டும்.

மினி டிராக்டர்களுக்குள்ளும் வேறுபாடு பெரிது. மஹிந்திரா யுவராஜ் 215 போன்ற 15 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், பின்சக்கரங்களை மட்டும் இன்ஜின் உந்தும் இரு சக்கர இயக்க வண்டி விலையில் கவரும். ஈரக் கரிசலில் எருப் பாரத்தோடு சக்கரம் சுழன்று நின்றுவிடும். அதே நிறுவனத்தின் ஜீவோ 245, குபோட்டாவின் பி2441 போன்ற 24 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது. அகலம் குறைந்த எந்த வண்டியும் வரப்பிலும் சரிவிலும் கவிழக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். வாங்கும் முன் வண்டியைத் தோப்புக்கே வரவழைத்து, பாரம் ஏற்றிய டிரெய்லரோடு மர வரிசைக்குள் பின்னோக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். மாட்டித் தரும் ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) பின்சக்கரங்களின் வெளிவிளிம்பு வரை எட்டுகிறதா என்றும் அளந்துகொள்ள வேண்டும், ஏனெனில் அது எட்டாவிட்டால் கிளறிய மண்ணை அடுத்த சுற்றில் சக்கரமே மிதித்து இறுக்கிவிடும்.