மஞ்சள் தாளோடு மூன்று வருஷம்: ஏற்காட்டிலிருந்து ஒரு நர்ஸ்

எங்களுடையது மலைமேல் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. இரவில் ஒரே டாக்டர், ஒரே இசிஜி மிஷின். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பக்க மஞ்சள் தாளைக் கொடுத்து, "நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் இனி இதன்படிதான்" என்றார்கள். இன்னொரு ஃபாரமா என்று அன்றைக்கு நானும் முனகினேன்.

தாளில் முக்கியமாக இருப்பது இவ்வளவுதான். ஆள் உள்ளே வந்த பத்து நிமிஷத்துக்குள் இசிஜி. அதை டாக்டர் பார்க்க வேண்டும், வாட்ஸ்அப்பில் சேலத்து இருதய டாக்டருக்கும் போக வேண்டும். மாரடைப்பு என்றால் ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு, ஆக 14 மாத்திரை. 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொடுத்த அதே கணக்கு. அப்புறம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போடுவதா, கீழே அனுப்புவதா என்று ஒரு கட்டம். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த ரத்தக்குழாயை பலூன் வைத்துத் திறப்பது) நடக்காது என்றால், ரத்தக்கசிவு, ஸ்ட்ரோக், சமீபத்திய ஆபரேஷன் எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்டு ஊசியை முதலில் போட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, நடுவில் காட்டெருமை நின்றால் அதற்கும் காத்திருந்து, அதைச் செய்யும் கேத் லேப் மேஜையில் ஏற எவ்வளவு நேரமாகும் என்று நடுராத்திரியில் யாருக்கும் கணக்கு ஓடாது. தாள் அதைப் பகலிலேயே போட்டு வைத்திருக்கிறது.

ஆனால் என் வேலையை மாற்றியது இது எதுவும் இல்லை, மேலே இருக்கும் ஒரு வரி: டாக்டர் சொல்லும்வரை காத்திராமல் நர்ஸே இசிஜி எடுக்கலாம்.

ஒரு டிசம்பர் ராத்திரி, காப்பி பறிப்பு சமயம், எஸ்டேட் ஆள் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். "வாய்வுங்க சிஸ்டர், சுக்குக் கஷாயம் குடிச்சிருக்கேன், ஏப்பம் வந்தாச் சரியாப் போயிரும்." முன்பென்றால் கேஸ் ஊசி போட்டு பெஞ்சில் உட்காரவைத்திருப்போம். அன்று சட்டையைக் கழற்றச் சொல்லி இசிஜி ஒயர்களை, அதாவது லீடுகளை, ஒட்டினேன். ஆறாவது நிமிஷம் காகிதம் வெளியே வந்தது. இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற மூன்று லீடுகளிலும் கோடு மேலே தூக்கியிருந்தது, இதயத்தின் கீழ்ச்சுவரில் அட்டாக். டாக்டர் வழக்கம்போல நாக்குக்கடியில் வைக்க, ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை அட்டையை எடுத்துவிட்டார். இதயத்தின் வலது பக்கமும் பாதித்திருந்தால் அந்த மாத்திரையில் பிரஷர் பொத்தென்று விழும். ஏற்கனவே 90-தான். நான் பேசவில்லை, தாளில் 'வலது பக்க லீடு எடுத்தாயா?' என்ற வரியில் விரலை வைத்தேன். அட்டை பாக்கெட்டுக்குள் போனது. டாக்டரிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

சரி, குறைகள். முதல் ஆறு மாதத் தாள்களைப் பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒன்பது நிமிஷம், பத்து நிமிஷம். ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியது நாங்கள்தான். போதாததற்கு இசிஜி மிஷின் கடிகாரம் சுவர்க் கடிகாரத்துக்கு ஏழு நிமிஷம் பின்னால். ஒருவருக்கு அவர் வந்து சேருவதற்கு முன்பே இசிஜி எடுத்திருக்கிறோம், காகிதப்படி! இப்போது திங்கள்தோறும் இரண்டையும் ஒன்றாக வைக்கிறோம்.

இதைவிட வலித்தது வேறு. சுகர் உள்ள ஒரு அம்மா வாந்தியும் வியர்வையுமாக வந்தார். நெஞ்சுவலி இல்லை, அதனால் தாளும் இல்லை. ஓபி வரிசையில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அதுவும் மாரடைப்புதான். பிழைத்துக்கொண்டார், ஆனால் இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதன் பிறகு தாளின் தலையில் பேனாவால் எழுதினேன்: 'தாடை முதல் தொப்புள் வரை எந்த வலியும், காரணமில்லாத வியர்வையும்.' முதல் இசிஜி நார்மல் என்றாலும் அரை மணியில் இன்னொன்று என்பதையும் சேர்த்தோம்.

தாளை லேமினேட் செய்து மாட்டினால் போதும் என்று நினைக்கிற நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. கேரளாவில் 63 மருத்துவமனைகளில், 21,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளை வைத்து, செக்லிஸ்ட், தணிக்கை எல்லாம் கொடுத்துப் பார்த்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். 30 நாளில் நோயாளிகளுக்கு என்ன ஆனது என்ற கணக்கில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. நம் தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸையும் சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய மையங்களோடு கோத்த ஆய்வில் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சேலத்தில் போனை எடுக்க ஆள் இல்லாத நாட்களில் எங்கள் தாளும் வெறும் தாள்தான்.

அடுத்த பதிப்பு ஆறு பக்கமாம், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தாம். பழையதில் ஐம்பது ஜெராக்ஸ் எடுத்து டிராயரில் வைத்துவிட்டேன், தலையில் என் பேனா எழுத்தோடு.