வென்ட்டா, வாஸ் கோயிங்கா? கடந்த காலம் படிக்க நாலு வழிகள்

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்கள் இரண்டு வகை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். மலையேறிப் போய் குமுளியில் ஏலக்காய்க் கடையில் நிற்பவர்கள், தேக்கடியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் நிகழ்காலம் எப்படியோ வந்துவிடுகிறது. நேற்று என்ன நடந்தது என்று கேட்டால்தான் வண்டி திணறுகிறது. வென்ட் மாதிரியான சிம்பிள் பாஸ்ட், வாஸ் கோயிங் மாதிரியான பாஸ்ட் கன்டினியுவஸ் இரண்டையும் பிடிக்க இங்கே நாலு வழி புழக்கத்தில் இருக்கிறது: வினை வடிவ அட்டவணை மனப்பாடம், தமிழோடு பொருத்துவது, மலையாளத்தோடு பொருத்துவது, நடந்த கதையைச் சொல்லிப் பழகுவது. நாலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அட்டவணையை எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் அது இல்லாமல் ஆகாத ஓர் இடம் உண்டு. கோ என்பது வென்ட் ஆவதற்கும், ஈட் என்பது ஏட் ஆவதற்கும் யோசித்துக் கண்டுபிடிக்க விதி கிடையாது, மனப்பாடம்தான். அகர வரிசையில் அச்சடித்த பட்டியலைத் தலைகீழாக ஒப்பிப்பதுதான் வீண் வேலை. ஓசை பார்த்துக் கூட்டிவைத்தால் சட்டென்று ஒட்டும். கட், புட், ஷட், ஹிட், ஹர்ட் எல்லாம் மாறவே மாறாதவை. ரிங்-ராங், சிங்-சாங், ட்ரிங்க்-ட்ராங்க் ஒரு குடும்பம். பை-பாட், பிரிங்-ப்ராட், திங்க்-தாட், டீச்-டாட், கேட்ச்-காட் இன்னொன்று. ரீட் மட்டும் எழுத்தில் அப்படியே இருந்துகொண்டு வாயில் ரெட் ஆகிவிடும்.

அட்டவணை சொல்லாததும் நிறைய. விதிப்படி மாறும் வினைகளுக்கெல்லாம் கடைசியில் ஒரே -ed என்று எழுதிக் காட்டும்; உச்சரிப்பு மூன்று விதம் என்று சொல்லாது. வாக்ட் என்பதில் ட் ஓசை, ப்ளேய்ட் என்பதில் மெல்லிய ட ஓசை, வான்டட் என்பதில் மட்டும்தான் கூடுதலாக ஓர் அசை. எல்லாவற்றையும் வாக்கெட், ஆஸ்க்கெட் என்று இழுப்பது பட்டியலில் எழுத்தை மட்டும் பார்த்துப் படித்ததன் விளைவு. டிட் வந்துவிட்டால் வினை பழையபடி முதல் வடிவத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அட்டவணையில் இல்லை. அதனால்தான் ‘டிட் யூ வென்ட்’ இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. வாஸ், வேர் போட்டு இங் சேர்க்கும் சூத்திரம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிகிற பாடம். எப்போது எதைப் போடுவது என்பதுதான் பாடமே. அதில் அட்டவணைக்கு வாயே கிடையாது.

அடுத்தது தமிழ் வழி. வந்தேன் என்றால் கேம், வந்துகொண்டிருந்தேன் என்றால் வாஸ் கமிங். தொடக்கத்துக்கு இதைவிட நல்ல பிடி இல்லை. ‘கரண்டு போனபோது சமைத்துக்கொண்டிருந்தேன்’, ‘கரண்டு போனபோது மெழுகுவர்த்தி ஏற்றினேன்’ என்று இரண்டு வாக்கியத்தைப் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. இரண்டாவதில் கரண்டு போன பிறகுதான் தொடங்கியது. ஆங்கிலத்திலும் அதே கதைதான்: ஐ வாஸ் குக்கிங், ஐ லிட் எ கேண்டில். இலக்கணப் புத்தகம் அரைப் பக்கம் விளக்குவதை நம் காது ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறது.

ஆனால் தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. ‘அப்போதெல்லாம் தாத்தா தினமும் மலைக்குப் போவார்’ என்கிறோம். பேச்சு பழைய காலத்தைப் பற்றியது, வினை எதிர்கால வடிவத்தில். அதைப் பிடித்துக்கொண்டு போனால் ‘வில் கோ’ என்று வரும். செத்துப்போன தாத்தா நாளைக்கு மலையேறுவார். அங்கே வென்ட் அல்லது யூஸ்ட் டு கோ போட வேண்டும். இன்னொரு குழி: உட்கார்ந்திருந்தார், நின்றிருந்தார், சிவப்புச் சட்டை போட்டிருந்தார். இவற்றில் ‘கொண்டு’ இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் இயல்பாக வருவது வாஸ் சிட்டிங், வாஸ் ஸ்டேண்டிங், வாஸ் வேரிங். தமிழ் வடிவத்தைப் பார்த்து ‘ஹேட் சாட்’ என்று போனால் வேறு காலத்துக்குத் தாவிவிடுவோம்.

தமிழின் மூன்றாவது குழி இதற்கு நேர் எதிர். ‘அப்போது ஒரு பழைய ஜீப் வைத்துக்கொண்டிருந்தேன்’ என்பதில் கொண்டிருந்தேன் இருக்கிறது. ஆங்கிலத்தில் வெறும் ‘ஐ ஹேட்’தான். சொந்தமாக வைத்திருப்பது, தெரிந்திருப்பது, விரும்புவது, நம்புவது எல்லாம் செயல் இல்லை, நிலை. அவற்றுக்குப் பொதுவாக இங் ஒட்டாது. ஆனால் ‘வாஸ் ஹேவிங் லஞ்ச்’ சரி. அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது. ‘ஐ வாஸ் நோயிங் ஹிம்’ நம் நாட்டில் தாராளமாகப் புழங்குகிறது, யாருக்கும் புரியாமலும் போகாது. தேர்வில் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். அப்புறம், ‘கடைக்குப் போய் சாமான் வாங்கி வந்தேன்’ என்பதில் கடைசி வினை மட்டும் காலத்தைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் வென்ட், பாட், கேம் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சுமக்க வேண்டும்.

மலையாள வழி எல்லைக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி. மதுரைப் புத்தகத்தில் இதைத் தேட முடியாது. ஏலத் தோட்ட வேலைக்குத் தினமும் மேலே போய்வருபவர்களுக்கும், குமுளிப் பள்ளியில் படித்தவர்களுக்கும் மலையாளம் வீட்டு மொழி மாதிரி. அதில் ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு. ஆள் மாறினாலும் வினை மாறாது. ஆங்கிலத்தில் கேம் அப்படித்தான். இன்னும் நல்லது ‘குடிக்குகயாயிருந்நு’. குடிக்குக ஒரு துண்டு, ஆயிருந்நு இன்னொரு துண்டு; ட்ரிங்கிங்கையும் வாஸையும் இடம் மாற்றி வைத்தது போலவே இருக்கும். தாத்தா மலைக்குப் போன பழக்கத்துக்கும் ‘போகுமாயிருந்நு’ என்று கடைசியில் கடந்த காலம் வந்து நிற்பதால் வில் போடத் தோன்றாது. உட்கார்ந்திருந்ததற்கு ‘இரிக்குகயாயிருந்நு’ இருக்கிறது; வாஸ் சிட்டிங்குக்கு நேராகப் போய்விடலாம். ஆக, தமிழின் முதல் குழியை மூடி, இரண்டாவதில் பாதியையும் மூடிவிடுகிறது. சறுக்குகிற இடம் ஒன்று: ஆயிருந்நு எல்லோருக்கும் பொது என்பதால் ‘தே வாஸ்’ என்று வாயில் வரும். தே, வி, யூ வந்தால் வேர் என்பதைத் தனியாகப் பழக வேண்டும். மலையாளம் தெரியாதவர் இதற்காக மலையாளம் படிக்கக் கிளம்ப வேண்டாம்.

என் ஓட்டு கதை சொல்லும் வழிக்கு, அதுவும் பேசுவதற்காகப் படிப்பவர் என்றால். ஒரு ராத்திரிச் சம்பவம்: வி வேர் டிரைவிங் டவுன் ஃப்ரம் குமுளி. இட் வாஸ் ரெய்னிங். அன் எலிஃபண்ட் கேம் அவுட் ஆஃப் தி ட்ரீஸ். தி டிரைவர் ஸ்டாப்ட். இட் க்ராஸ்ட் தி ரோட். முதல் இரண்டும் இங். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவை, மேடை அமைப்பு. பிறகு வருவதெல்லாம் சிம்பிள் பாஸ்ட்; ஒன்று முடிந்து அடுத்தது. இதையே ‘வாஸ் கமிங், வாஸ் ஸ்டாப்பிங், வாஸ் க்ராசிங்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் “அப்புறம்?” என்று காத்துக்கொண்டே இருப்பார். க்ராஸ்ட் என்றால் யானை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. வாஸ் க்ராசிங் என்றால் நடுரோட்டில் நிற்கிறது, இனிமேல்தான் என்னவோ நடக்கப் போகிறது. கடைக்காரருக்கும் இது உதவும்: புத்தடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் விலை ரோஸ் என்றால் ஏறிவிட்டது, வாஸ் ரைசிங் என்றால் ஏறிக்கொண்டிருந்தபோது பார்த்தார், எங்கே போய் நின்றது என்று தெரியாது.

இந்த வழியின் குறை, திருத்த ஆள் வேண்டும். தனியாகச் சொல்லிப் பழகினால் ‘கேட்ச்ட்’ நாக்கில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். தேர்வுக்கு இது மெதுவான வழியும்கூட. கோடிட்ட இடத்தை நிரப்புகிற பிள்ளைக்கு வைல் வந்தால் பெரும்பாலும் இங், எஸ்டர்டே, அகோ வந்தால் பெரும்பாலும் சிம்பிள் என்ற குறிப்பும், ஓசைப் பட்டியலும், தமிழின் குழிகளும் தெரிந்தால் போதும். ஜீப் ஓட்டுபவர் பட்டியலில் தொடங்க வேண்டியதில்லை. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் தமிழில் சொல்லும் அதே கதையை ஆங்கிலத்தில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் வினைகளை மட்டும் திருத்தித் தரச் சொல்லலாம். உச்சரிப்பையும் மற்றதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.