தெரியவில்லையா, திறக்கவில்லையா: எங்கள் வீட்டு நெட்வொர்க்கோடு எட்டு வருடம்

பாளையங்கோட்டையில் நாங்கள் இருப்பது தாத்தா கட்டிய வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒன்றரை அடி கனம். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமையாக இருக்கும். ஆனால் வைஃபை சிக்னலுக்கு அந்தச் சுவர் ஒத்துவராது. தார்சாவில் ரவுட்டரை வைத்தால் மச்சில் ஒரே ஒரு கோடுதான் காட்டும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது என் கணக்கு வேலை பெருகியது. துணைக்கு ஒரு தம்பியைச் சேர்த்துக்கொண்டேன். கீழே பட்டாசலில் ஒரு டெஸ்க்டாப், அதோடு யூஎஸ்பி வயரில் ஒரு லேசர் பிரிண்டர். மச்சில் என் லேப்டாப். பென் டிரைவை எடுத்துக்கொண்டு படி ஏறி இறங்கியே முதல் இரண்டு மாதம் போனது. கால் வலித்தது பெரிதில்லை. ஒரே கடையின் கணக்கு மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கிடந்ததுதான் பெரிய தொல்லை. எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டர், எல்லோரும் அதையே திறப்பது, பிரிண்டரும் பொது என்று ஷேரிங் போட்டேன்.

அன்றிலிருந்து இன்றுவரை அதே ஏற்பாடுதான். பிறகு மனைவியின் லேப்டாப் சேர்ந்தது. பள்ளிக்கூடத்து வினாத்தாள் முழுக்க வீட்டில்தான் அச்சாகிறது. மகளுடையதும் சேர்ந்தது. இந்த எட்டு வருடத்தில் ஷேரிங் எத்தனையோ முறை நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி ஒன்றுதான்: கம்ப்யூட்டர் தெரியவில்லையா, தெரிந்தும் திறக்கவில்லையா, திறந்தும் எழுதவிடவில்லையா? மூன்றும் வெவ்வேறு நோய், மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் யூடியூபில் சொல்வதை எல்லாம் வரிசையாகச் செய்துபார்த்தால், சரியாக இருப்பதும் கெடும்.

முதலில் தெரியாமல் போவது. எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்பதைத் திறந்தால் டெஸ்க்டாப்பின் பெயர் அங்கே இருக்காது. உடனே எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். மேலே முகவரிப் பட்டியில் \\192.168.1.20 என்று, ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் எண்ணை (ஐபி முகவரி) அடித்து என்டர் தட்டுங்கள். ஃபோல்டர் திறந்தால் ஷேரிங் நன்றாகத்தான் இருக்கிறது, பெயர்ப்பட்டியல் மட்டும் வரவில்லை என்று அர்த்தம். பழைய விண்டோஸில் அந்தப் பட்டியல் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை நம்பி இருந்தது. 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 சேர்ந்து வருவதில்லை. இப்போது அந்த வேலையைச் செய்வது ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற, பின்னணியில் ஓடும் சர்வீஸ். டெஸ்க்டாப்பில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து அதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றி ஸ்டார்ட் கொடுத்தேன். பெயர் வந்துவிட்டது.

எஸ்எம்பி1ஐத் திரும்பப் போட்டாலும் சில வீடுகளில் பெயர் தெரியும். அப்படிச் செய்யச் சொல்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது; போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அடுத்தவர் கணக்கு நம் கையில் இருக்கிறது. பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் கதவைத் திறந்துவைக்க எனக்கு மனம் வராது.

எண்ணை அடித்தாலும் வரவில்லை என்றால் பெரும்பாலும் எண்ணே மாறியிருக்கும். எங்கள் பக்கம் மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் நாங்களே ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். கரண்ட் வந்ததும் எது முந்தி எழுகிறதோ அதற்கு ரவுட்டர் ஓர் எண்ணைக் கொடுக்கும். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கை, மின்சாரம் போனால் மறந்துவிடும் ரவுட்டர்கள் உண்டு. எங்களுடையது அந்த வகை. நேற்று 20ஆக இருந்த டெஸ்க்டாப் இன்று 23 ஆகிவிடும், லேப்டாப் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். இதற்கு ரவுட்டர் செட்டிங்கில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஓர் இடம் இருக்கிறது. டெஸ்க்டாப்பின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்ணைக் கொடுத்து, இந்த இயந்திரத்துக்கு எப்போதும் இந்த எண்தான் என்று எழுதிவைக்கலாம். பத்து நிமிட வேலை. இந்த எட்டு வருடத்தில் நான் செய்தவற்றில் அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று கொடுத்துக் கம்ப்யூட்டரின் எண்ணைப் பார்க்கும்போது எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை என்று பொருள். ஷேரிங் செட்டிங்கில் கை வைக்காமல் நேராகக் கேபிளைப் பாருங்கள்.

கேபிள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மச்சுக்கு வைஃபை சரிப்படாது என்று கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தோம். ஷேரிங் ஓடியது, ஆனால் பெரிய ஃபைல் நகர்த்தினால் வினாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை. வேகம் ஏறி இறங்கினால் வேறு காரணம் தேடலாம். 11இல் ஆணி அடித்தமாதிரி நின்றால், லைன் ஜிகாபிட்டில் (1000 மெகாபிட்) ஓடாமல் 100 மெகாபிட்டில் ஓடுகிறது. மச்சில் கேபிள் முனையைக் கழற்றி, டார்ச் அடித்து, அந்தக் கண்ணாடி பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டு வயர். ஆரஞ்சும் பச்சையும் நீலமும் பிளக்கின் நுனிவரை போய் முட்டியிருந்தன. கடைசியில் இருந்த பிரௌன் மட்டும் ஒரு மயிரிழை பின்னால் நின்றது. பித்தளைப் பல் அதன்மேல் இறங்கவில்லை. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால்தான் நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. முனையை வெட்டி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரௌன், பிரௌன் என்று வரிசை வைத்துப் புதிதாகக் கிரிம்ப் செய்தேன். வேகம் வினாடிக்கு 100 எம்பியைத் தாண்டியது.

ஃபைபர் இணைப்பு வந்தபோது இன்னொரு கூத்து. அவர்கள் கொடுத்த பெட்டியிலும் வைஃபை, எங்கள் பழைய ரவுட்டரிலும் வைஃபை. பழையதை அப்படியே புதியதன் பின்னால் சொருகிவிட்டோம். ஒன்று 192.168.1 வரிசை, மற்றது 192.168.0. டெஸ்க்டாப் புதுப் பெட்டியில், மகளின் லேப்டாப் பழைய ரவுட்டரில். அவளால் எண்ணை அடித்து டெஸ்க்டாப்புக்குள் வர முடிந்தது. டெஸ்க்டாப்பிலிருந்து அவள் லேப்டாப்புக்குப் போக முடியவில்லை, நெட்வொர்க் பட்டியலில் ஒருவருக்கு ஒருவர் தெரியவும் இல்லை. ஒருவழியாக மட்டும் வேலை செய்தால் இரண்டு ரவுட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரவுட்டரில் எண் கொடுக்கும் வேலையை, அதாவது டிஎச்சிபியை நிறுத்தி, அதன் எண்ணைப் புதுப் பெட்டியின் வரிசைக்கு மாற்றி, கேபிளை, இணையம் உள்ளே வரும் வேன் (WAN) துளையிலிருந்து எடுத்து, வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளையில் சொருகினேன். இப்போது அது வைஃபை பரப்பும் வெறும் ஆக்சஸ் பாயின்ட், வீடு முழுக்க ஒரே வரிசை. கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருந்தாலும் ஒன்றை ஒன்று பார்க்காது. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் என்று வைத்துவிடலாம். வீட்டில் பிரைவேட் என்று மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்தால் போதும். ஃபயர்வாலை அணைக்கத் தேவையே இல்லை. மனைவி லேப்டாப்பை வெளியே எடுத்துப்போகும்போது அங்கே அது பப்ளிக்காகவே இருக்கட்டும்.

அடுத்து, தெரிந்தும் திறக்காதது. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். மனைவி அரைமணி நேரம் தன் நான்கு இலக்கப் பின் எண்ணை அடித்துக்கொண்டிருந்தார்கள். பின் எண் அந்த இயந்திரத்தைத் திறக்க மட்டும்தான், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. டெஸ்க்டாப்பில் இதற்கென்றே தனியாக ஒரு லோக்கல் யூசர் உண்டாக்கி, நல்ல பாஸ்வேர்டு வைத்து, எல்லா லேப்டாப்பிலும் அதையே ஒருமுறை கொடுத்து நினைவில் வைக்கச் சொன்னேன். பாஸ்வேர்டை மாற்றும் நாளில், லேப்டாப்பில் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு கேட்காதபடி ஷேரிங்கைத் திறந்துவிடலாமே என்பார்கள். எங்கள் வைஃபை பாஸ்வேர்டு விருந்தாளிகளிடமும் இருக்கிறது, அதனால் நான் செய்ய மாட்டேன்.

மூன்றாவது, எழுதவிடாதது. "அண்ணாச்சி, ஃபைல் திறக்கு, ஆனா சேவ் ஆகமாட்டேங்கு" என்று தம்பி வந்து நின்றான். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஷேரிங் டேபில் ஓர் அனுமதி, செக்யூரிட்டி டேபில் இன்னோர் அனுமதி. இரண்டு வாசல். நெட்வொர்க் வழியாக வருபவனுக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். நான் செக்யூரிட்டியில் மாடிஃபை கொடுத்துவிட்டு ஷேரிங்கில் ரீட் மட்டும் விட்டிருந்தேன். அங்கே சேஞ்ச் டிக் செய்ததும் தீர்ந்தது.

பிரிண்டர் கதை தனி. யூஎஸ்பி பிரிண்டரை டெஸ்க்டாப் வழியாக ஷேர் செய்தால் டெஸ்க்டாப் விழித்திருக்க வேண்டும். அதனால் ஸ்லீப்பை நிறுத்தினேன். வேலை வரிசையில் சிக்கி நகராமல் நின்றால், அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, சிஸ்டம்32இல் ஸ்பூல் ஃபோல்டருக்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலி செய்து, திரும்ப ஸ்டார்ட் கொடுப்பது இன்றும் பலிக்கிற வைத்தியம். 2021 செப்டம்பர் 20 எனக்கு மறக்காது. ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் கடைசி நாள், சலான் அச்சிட வேண்டும், 11பி என்று முடியும் எரர் எண் வந்து நின்றது. அந்த மாத விண்டோஸ் அப்டேட், நெட்வொர்க் பிரிண்டிங்கில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கட்டாயமாக அடைத்திருந்தது. புதுப்பிக்காத இயந்திரத்துக்கும் புதுப்பித்த இயந்திரத்துக்கும் ஒத்துப்போகவில்லை. விண்டோஸின் உள் அமைப்புகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி அந்தப் பாதுகாப்பை அணைக்கும் வழி எல்லா இடத்திலும் கிடந்தது. அதை நான் தொடவில்லை. அன்று இரவு பென் டிரைவிலேயே கொண்டுபோய் அச்சிட்டோம். மறுநாள் இரண்டு இயந்திரத்தையும் முழுக்க அப்டேட் செய்து, டிரைவரைப் புதிதாகப் போட்டதும் வந்துவிட்டது.

மறு வருடம் லேன் துளை உள்ள பிரிண்டராக வாங்கினேன். வீட்டில் மூன்று பேருக்கு மேல் அச்சிடுவதானால் யோசிக்காமல் இதற்குப் போங்கள். அதற்கும் ரவுட்டரில் நிலையான எண் ஒதுக்கி, ஒவ்வொரு லேப்டாப்பிலும் டிசிபி ஐபி போர்ட் என்று அந்த எண்ணைக் கொடுத்துச் சேர்த்தேன். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது டபிள்யூஎஸ்டி என்ற வேறு வகைப் போர்ட் வரும். அதில் அடிக்கடி ஆஃப்லைன் காட்டியது. டிசிபி போர்ட்டிலும் ஒருமுறை, பிங் கட்டளையால் கூப்பிட்டுப் பார்த்தால் பிரிண்டர் பதில் சொல்கிறது, விண்டோஸ் மட்டும் ஆஃப்லைன் என்கிறது. போர்ட் செட்டிங்கில், பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற டிக்கை எடுத்தேன், உடனே அச்சாகத் தொடங்கியது.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை மீறியபோது, வண்ணார்பேட்டை பக்கம் நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பில் புத்தகம், சிபியூ எல்லாம் நனைந்துபோயின. எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் தப்பியது. அந்தக் கடையின் ஆறு வருடக் கணக்கும் எங்கள் ஷேர் ஃபோல்டரில் அப்படியே இருந்தது. அவர்கள் அதை வாங்கிப்போன நாளில்தான் எனக்கு ஒரு பயமும் பிடித்தது. ஷேர் ஃபோல்டர் இருக்கும் டிஸ்க் போனால்? எல்லோரும் எழுதக்கூடிய ஃபோல்டரில் ஒரு லேப்டாப் வழியாக வைரஸ் வந்தால் மொத்தமும் பூட்டிக்கொள்ளும். அதனால் சனிக்கிழமைதோறும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி மச்சு அலமாரியில் வைக்கிறோம்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்ததால் டெஸ்க்டாப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. புதியதற்கும் ரவுட்டரில் அதே 20ஆம் எண்ணையே ஒதுக்கப்போகிறேன். மேக் முகவரியை மட்டும் மாற்றி எழுதி, ஃபோல்டருக்குப் பழைய பெயரையே வைத்து, அதே யூசரை உண்டாக்கிவிட்டால், லேப்டாப்களில் பெரிதாக எதையும் தொட வேண்டியிருக்காது.