மொன்டானாவில் ஒரு கிரெடென்ஷியலிங் முகமை: கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது?

அமெரிக்காவின் கிழக்கு மொன்டானாவில், பில்லிங்ஸ் நகரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்டி வந்து சேர வேண்டிய ஒரு சிற்றூர் கிளினிக்கின் அலுவலகப் பொறுப்பை நான் பார்த்துவருகிறேன். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்து, இங்கே குடும்ப மருத்துவத்தில் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியை முடித்த ஒருவர் சென்ற ஆண்டு எங்களிடம் சேர்ந்தார். அவரைக் காப்பீட்டு நிறுவனங்களின் மருத்துவர் பட்டியலில் சேர்க்கும் வேலையை, அதாவது இங்கே எல்லோரும் கிரெடென்ஷியலிங் என்று சொல்லும் வேலையை, வெளிமாநில முகமை ஒன்றிடம் ஒப்படைத்தோம். குறையும் சொல்லப்போவதால் அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

மருத்துவரின் படிப்பு, உரிமம் போன்றவற்றைக் காப்பீட்டு நிறுவனம் அவர் கொடுக்கும் நகலை நம்பாமல் மூல இடத்திலேயே கேட்டுச் சரிபார்த்து, மருந்து எழுதும் பதிவு, பொறுப்புக் காப்பீடு, வேலை வரலாறு ஆகியவற்றையும் பார்த்து, தன் குழுவின் முன் வைத்து, பிறகு ஒப்பந்தம் போட்டுக் கணினியில் ஏற்றுகிறது. இதற்கு மூன்று, நான்கு மாதங்கள் ஆவது வழக்கம். பெருநகர மருத்துவமனை என்றால் அதுவரை நோயாளிகளை வேறு மருத்துவர்களிடம் மாற்றிவிடலாம். எங்கள் ஊரில் மாற்றி அனுப்ப ஆள் இல்லை. போதாததற்கு, பயிற்சிக்கான ஜே-1 விசாவில் வந்த மருத்துவர்களுக்கு, பயிற்சி முடிந்ததும் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேர் வரை பரிந்துரைக்கும் கான்ராட் விலக்கின் கீழ் வருபவர், விலக்கு கிடைத்த 90 நாட்களுக்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும். சம்பளம் அன்றிலிருந்தே ஓடும். காப்பீட்டுப் பணம் எப்போது வரும் என்பது வேறு கணக்கு.

இந்த முகமை தன் கட்டணத்துக்குத் தகுதியானது என்று நான் நினைப்பதற்கு முதன்மையான காரணம் ஒரு பெயர். நம் ஊர் வழக்கப்படி மருத்துவரின் பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கிறது; கடவுச்சீட்டில் அந்த எழுத்து முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது; மாநில உரிமம் கடவுச்சீட்டைப் பின்பற்றியது; ரெசிடென்சியின் முதல் ஆண்டில் அவசரமாக எடுத்த, மருத்துவர்களுக்கான பத்து இலக்கத் தேசிய அடையாள எண்ணான என்.பி.ஐ.யின் பதிவிலோ வெறும் முதலெழுத்துதான் இருந்தது. (இன்று எங்கள் நோயாளிகள் அவரை அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள், அவரும் பழகிவிட்டார்.) முகமையில் எங்கள் கோப்பைப் பார்த்த பெண்மணி, ஒரு விண்ணப்பமும் அனுப்புவதற்கு முன்பே, மூன்றாம் நாளில் இதைக் கண்டுபிடித்து, முதலில் என்.பி.ஐ. பதிவைத் திருத்தச் சொன்னார். அது இணையத்தில் கட்டணமின்றிச் செய்யக்கூடிய சிறு திருத்தம். ஆனால் விண்ணப்பம் போன பிறகு தெரிய வந்திருந்தால் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே திருப்பி அனுப்பியிருக்கும். ரெசிடென்சிக்கு முன்பு மருத்துவர் தேர்வுக்குப் படித்த பதினான்கு மாதங்களையும் அந்தப் பெண்மணி விடவில்லை. கடந்த ஐந்தாண்டு வேலை வரலாற்றில் ஆறு மாதத்தைத் தாண்டிய இடைவெளிக்கு விளக்கமும், ஓராண்டைத் தாண்டினால் எழுத்து மூலமான விளக்கமும் கேட்கப்படும் என்பதால், கேட்பதற்கு முன்பே கடிதம் வாங்கி இணைத்துவிட்டார்.

இவ்வளவு கூர்மையாகப் பார்த்த அதே முகமைதான் அடுத்த கட்டத்தில் சறுக்கியது. பெரும்பாலான தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் சி.ஏ.கியூ.எச். என்ற பொதுத் தளத்திலிருந்தே மருத்துவரின் விவரங்களை எடுத்துக்கொள்கின்றன; அங்குள்ள விவரங்கள் சரிதான் என்று ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் 120 நாட்களுக்கு ஒருமுறை மறு உறுதி அளிக்க வேண்டும். எங்கள் கோப்பு வேறொரு ஊழியருக்குக் கைமாறிய சமயத்தில் அந்த நாள் கடந்துபோக, ஒரு நிறுவனத்தின் விண்ணப்பம் அப்படியே நின்றது. நிற்பதாக யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை; வாரந்தோறும் வந்த அறிக்கையில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான் இருந்தது. நானே காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஐந்து வாரங்கள் போயின. அந்த வாரங்களில் மருத்துவர் பார்த்த அந்நிறுவனத்தின் நோயாளிகளுக்கான கிளெய்ம்கள், அதாவது பணம் கேட்டு அனுப்பிய கோரிக்கைகள், திரும்பி வந்தன; நடைமுறைக்கு வரும் தேதியை முன்தேதியிட்டுத் தரும்படி கேட்டோம், மறுத்துவிட்டார்கள். மக்கள்தொகை குறைந்த இந்த மாநிலத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் சிலவே என்பதால் விண்ணப்பங்கள் குறைவுதான், ஆனால் அவற்றில் ஒன்று நின்றாலும் எங்கள் காத்திருப்பு அறையின் பெரும் பகுதி நின்றுவிடுகிறது.

முதியோருக்கான மத்திய அரசின் காப்பீடான மெடிகேருக்கு இந்த முகமை தேவையே இல்லை என்பது என் கருத்து. மொன்டானாவுக்கான விண்ணப்பங்களை, மெடிகேரின் ஒப்பந்த நிறுவனமான நோரிடியன் கையாள்கிறது. மெடிகேரின் பெகோஸ் என்ற இணையப் பதிவுத் தளத்தில் நாமே நிரப்பலாம். தனி மருத்துவருக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. விண்ணப்பம் சேர்ந்த நாள், அந்த இடத்தில் முதல் நோயாளியைப் பார்த்த நாள் ஆகிய இரண்டில் பிந்தியதே நடைமுறைத் தேதி. பொதுவாக அதற்கு முந்தைய 30 நாள் சேவைக்கும் பணம் கேட்கலாம். ஆகவே காலதாமதம் ஆனாலும் பணம் கையைவிட்டுப் போவதில்லை. இதற்கும் மற்ற நிறுவனங்களுக்கு வாங்கிய அதே கட்டணத்தை முகமை வாங்கியது எனக்கு உறுத்தியது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அந்த மூன்றும் கோப்பை முதலில் பார்த்த பெண்மணிக்கு உரியவை. எங்களுக்கு வரும் கோடையில் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதவும் தகுதி பெற்ற செவிலியர்) சேரவிருக்கிறார். மெடிகேர் விண்ணப்பத்தை நானே போடுகிறேன். தனியார் நிறுவனங்களை மட்டும் இவர்களிடம் கொடுக்கப்போகிறேன், அதுவும் சி.ஏ.கியூ.எச். நினைவூட்டல் மின்னஞ்சல் என் முகவரிக்கும் வர வேண்டும், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காப்பீட்டு நிறுவனம் தந்த குறிப்பு எண்ணும் கடைசியாகப் பேசிய தேதியும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகுதான்.