ரீபூட் செய்து காட்டும்வரை பணத்தை விடுவிக்காதீர்கள்

கோபம் அடங்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். வீட்டு லினக்ஸ் கணினிக்கு நிலையான ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும், மாறாத எண்) வைத்துத் தர 2,000 கொடுத்தேன். மொத்தமும் போச்சு. தொலைவிலிருந்தே வேலை செய்து தருகிறவர்களைப் பிடித்துக்கொடுக்கும் தளம் ஒன்றில்தான் அந்த ஆள் கிடைத்தார்.

வீட்டில் எல்லோருடைய கோப்புகளும் அந்தக் கணினியில்தான். ரவுட்டர் அவ்வப்போது முகவரியை மாற்றிவிட, மற்றக் கருவிகள் அதைக் காணாமல் திண்டாடின. "கவலையை விடுங்க, பத்து நிமிஷ வேலை" என்றார். உள்ளே வந்தார், மடமடவென்று எதையோ அடித்தார். "8.8.8.8க்கு பிங் போகுது பாருங்க" என்றார். அது கூகுளின் முகவரி, இணைப்பு இருக்கிறதா என்று அங்கே சிறு செய்தி அனுப்பிப் பார்ப்பதுதான் பிங். பதில்கள் வரிசையாக வந்தன. "அப்போ தளத்துல ஒப்புதல் கொடுத்திடுங்க." அவ்வளவு பணிவான பேச்சு, கண்ணெதிரே இணையம் ஓடுகிறது, கொடுத்துவிட்டேன்.

அன்றிரவே ரீபூட் செய்ததும் பழைய கதை, வைத்த முகவரியைக் காணோம். என்னென்ன கட்டளை போட்டிருக்கிறார் என்று ஹிஸ்டரியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 'ஐபி அட்ரெஸ் ஆட்', அவ்வளவுதான். அது கணினி ஓடும்வரைதான் நிற்கும், அணைத்தால் அழிந்துவிடும். எந்த அமைப்புக் கோப்பிலும் ஒரு வரிகூட எழுதவில்லை. இதைத் தொழிலாகச் செய்கிறவருக்கா இது தெரியாது?

கேட்டால் "ரவுட்டர் கோளாறு" என்றார். விடாமல் நச்சரித்த பிறகு நெட்பிளான் கோப்பில் (லினக்ஸில் வலையமைப்பு அமைப்புகளை நிரந்தரமாக எழுதிவைக்கும் இடம்) 192.168.1.105 என்று எழுதிவைத்தார். ரவுட்டர் மற்றக் கருவிகளுக்குத் தானாகப் பங்கிடுவதே கடைசி எண் 100 முதல் 200 வரை உள்ள முகவரிகளைத்தான்! அந்த எண் ஏற்கெனவே வீட்டுப் போன் ஒன்றிடம் இருந்தது. இரண்டும் மாறி மாறி அறுந்தன. தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியும் எழுதவில்லை. எண்ணுக்கு பிங் போகிறது, பெயர் போட்டால் எந்தத் தளமும் திறக்கவில்லை. "இணைய நிறுவனத்தைக் கேளுங்க" என்றார், அப்புறம் பதிலே இல்லை. தளத்துக்கு எழுதினால் ஒவ்வொரு முறையும் அதே ஒட்டுப்போட்ட பதில்: ஒப்புதல் கொடுத்த பணம் திரும்பாது. 2,000! ஒரு கட்டளைக்கும் ஒரு தப்பான கோப்புக்கும்!

படிப்படியாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. ரீபூட் செய்து காட்டச் சொல்லுங்கள், பிறகே ஒப்புதல். எந்தக் கோப்பில் எழுதினார் என்று கேளுங்கள். முகவரி ரவுட்டர் பங்கிடும் எல்லைக்கு வெளியே இருக்கட்டும். புது அமைப்பைச் சோதித்துப் பார்க்கும் 'நெட்பிளான் டிரை' கட்டளையைப் போடச் சொல்லுங்கள், உறுதி செய்யாவிட்டால் 120 விநாடியில் பழைய அமைப்பே திரும்பிவிடும். முக்கியமாக, ஆள் வெளியேறியதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள், தெரியாத எஸ்எஸ்ஹெச் சாவி (கடவுச்சொல் இல்லாமலே தொலைவிலிருந்து உள்ளே நுழைய வைக்கும் கோப்பு) இருந்தால் உடனே நீக்குங்கள்.