எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ்: கேனன் 15-85 மி.மீ. ஜூம்

கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸில் கொஞ்சகாலம் கைபழகியவர்களுக்கு, கழற்றி மாட்டும் தொல்லையே இல்லாத ஒரு லென்ஸ் வேண்டும் என்ற ஆசை எப்படியும் வந்துவிடும். எனக்கு அது வந்தபோது நான் பார்த்தது ஒரே ஓர் எண்ணைத்தான்: எத்தனை மடங்கு ஜூம் என்பதை. 18-இல் தொடங்கி 250-ஐயும் தாண்டிப் போகும் லென்ஸ் ஒன்றை, அதன் பெயர் இங்கே வேண்டாம், வாங்கி இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். மரக்கிளையில் அமர்ந்திருந்த மைனாவை முழு ஜூமில் எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், இறகுகள் ஈரத்துணியால் துடைத்ததுபோல் ஒன்றோடொன்று இழைந்து கிடக்கும்.

அடுத்த லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் விமர்சனங்களைப் படிப்பதை நிறுத்திவிட்டு, என் படங்களையே புரட்டினேன். எந்தக் குவியத் தூரத்தில், அதாவது லென்ஸின் எந்த மி.மீ. எண்ணில், எடுத்தோம் என்பது ஒவ்வொரு படக்கோப்பிலும் பதிவாகியிருக்கும். வகைப்படுத்திப் பார்த்ததில், பெரும்பாலான படங்கள் 85 மி.மீ.க்குள் அடங்கின, 135-க்கு மேல் எடுத்தவை சொற்பம், அவற்றிலும் பாதி மைனா. ஆனால் 18-இல் முட்டிக்கொண்டு நின்ற படங்கள் குவியல் குவியலாக இருந்தன. எனக்குப் பற்றாக்குறை தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி பக்கத்தில் இல்லை, காட்சியை அகலமாக்கும் வைட் பக்கத்தில்தான் என்பது அப்போது விளங்கியது. அந்தக் கணக்குதான் என்னைக் கேனனின் இஎஃப்-எஸ் 15-85 மி.மீ. எஃப் 3.5-5.6 ஐஎஸ் யுஎஸ்எம் லென்ஸிடம் கொண்டுவந்து சேர்த்தது.

18-க்கும் 15-க்கும் இடையே மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மூலைக்கு மூலை அளந்தால் பார்வைக் கோணம் ஏறத்தாழ 74 பாகையிலிருந்து 84 பாகைக்கு விரிகிறது. கேனனின் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாருக்குரிய 1.6 மடங்குக் கணக்கில், இந்த லென்ஸ் பழைய ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட முழுச் சட்டக் கேமராவின் 24-136 மி.மீ.க்குச் சமம். ஒரு சிறிய அறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டு, எதிரே வரிசையாக அமர்ந்திருக்கும் எட்டுப் பேரை எடுக்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். 18-இல் வைத்தால் ஓரத்தில் இருப்பவரின் தோள் வெட்டுப்படும். வளையத்தை 15-க்குத் திருப்பினால் தோளும் உள்ளே வந்து, அதற்கப்பால் கைப்பிடியளவு இடமும் மிஞ்சும். தொலைவில் இருப்பதை எடுக்க நான்கு அடி முன்னால் நடக்கலாம். பின்னால் போகச் சுவர் விடாது. ஆனால் 15-இல் ஓரத்து முகங்கள் சற்று அகலமாக இழுபடும் என்பதால், நம்மிடம் கோபித்துக்கொள்ளக் கூடியவர்களை நடுவில் உட்காரவைப்பது நல்லது.

2009-இல் 7டி கேமராவோடு சேர்ந்து அறிமுகமான இந்த லென்ஸ் 575 கிராம் எடையுள்ளது. ஃபில்டர் அளவு 72 மி.மீ. வளைய வடிவ யுஎஸ்எம் மோட்டார் வேகமாகவும் ஓசையின்றியும் ஃபோகஸ் செய்கிறது. ஆட்டோ ஃபோகஸ் முடிந்தபின் எந்தப் பொத்தானையும் தொடாமல் கையால் திருத்திக்கொள்ளவும் முடிகிறது. 35 செ.மீ. வரை நெருங்கலாம் என்பதால் உள்ளங்கை அளவுள்ள பூவுக்குப் போதும், எறும்புக்குப் போதாது. குறைகளும் உண்டு. 15-இல் நேர்கோடுகள் வெளிப்பக்கம் வளைகின்றன, மூலைகள் இருள்கின்றன. வளையத்தை 24 வரை கொண்டுபோனால் இரண்டும் பெரிதும் அடங்கிவிடும், மிச்சத்தை மென்பொருள் சரிசெய்துவிடும். லென்ஸின் உடலிலும், கேமராவில் மாட்டும் மவுண்டிலும் தூசி, மழைத் தடுப்பு எதுவும் கிடையாது. ஒளித்தடுப்பு ஹூட்டைத் தனியாக வாங்க வேண்டும்.

உண்மையான பலவீனம் வெளிச்சத்தில் இருக்கிறது. ஜூமை நீட்ட நீட்ட, ஒளி நுழையும் துளையான அபெர்ச்சர் சுருங்கி, பாதி வழி தாண்டியதும் எஃப் 5.6-இல் நின்றுவிடுகிறது (எஃப் எண் கூடக் கூட ஒளி குறையும்). ஐஎஸ் எனப்படும் அதிர்வுத் தடுப்பு நான்கு ஸ்டாப் வரை, அதாவது ஷட்டர் வேகத்தை நான்கு முறை பாதியாக்கும் அளவுக்கு, உதவும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அதன்படி 85 மி.மீ.யில் நொடியில் 125-இல் ஒரு பங்கு வேகம் கேட்கும் படத்தை 8-இல் ஒரு பங்கிலும் கையில் பிடித்தே எடுக்கலாம். ஆனால் அது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே அடக்கும், எதிரே ஓடும் குழந்தையை நிறுத்தி வைக்காது. மங்கிய அறைகளில் நடக்கும் விழாக்களையே அதிகம் எடுப்பவர்கள் 17-55 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைத்தான் பார்க்க வேண்டும். அது 5.6-ஐவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும், அதாவது சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200 கேட்கும் இடத்தில் 800 போதும். அதற்கு ஈடாக 645 கிராம் எடையைச் சுமந்துகொண்டு, 55-இல் நின்றுவிட வேண்டியதுதான். நானோ ஒரு சிறிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பையில் போட்டுக்கொள்கிறேன். ஒரே லென்ஸ் என்ற விரதம் அங்கே முறிந்துவிடுகிறது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வீடியோ அதிகம் எடுப்பவர்களுக்கு 2016-இல் வந்த 18-135 மி.மீ. யுஎஸ்எம் பொருத்தமாக இருக்கும். அதன் ஃபோகஸ் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போவதுபோல் சீரானது. 18-200, 18-300 போன்ற நெடுஞ்ஜூம்களைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அவற்றில் பல, அருகில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளுக்குள்ளேயே குவியத் தூரத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இரண்டு மீட்டரில் உள்ள பொருளுக்கு 200 என்று வைத்தாலும், கிடைக்கும் பெரிதாக்கம் 200-க்கு உரியதாக இருக்காது. எஃப் 6.3 வரை சுருங்குபவற்றில் இன்னொரு சிக்கல்: உள்ளே கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமராக்களின் ஆட்டோ ஃபோகஸ் புள்ளிகளில் பெரும்பாலானவை எஃப் 5.6 வரைக்கும் என்று வடிவமைக்கப்பட்டவை, எனவே வெளிச்சம் குறைந்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

நிக்கான்காரர்களுக்கு இதற்கு இணையானது 2015-இல் வந்த 16-80 மி.மீ. எஃப் 2.8-4. உள்ளதைச் சொன்னால், 480 கிராமில் அதிக ஒளியையும் தரும் அந்த லென்ஸைப் பார்த்துக் கேனன்காரனான எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் அதன் அபெர்ச்சர் மின்சாரத்தால் இயங்குவது. டி90 போன்ற பழைய நிக்கான் கேமராக்களில் சரிவர வேலை செய்யாது. முழுச் சட்டக் கேமரா வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இந்தக் கேனன் லென்ஸையும் விட்டுவிடலாம், இஎஃப்-எஸ் வகை அந்த எஸ்எல்ஆர்களில் பொருந்தாது.

இப்போது இதைப் பெரும்பாலும் பழைய லென்ஸாகத்தான் வாங்க நேரும் என்பதால், வாங்குமுன் கால் மணி நேரம் செலவிடுங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் குழல் தன் எடையிலேயே மெல்ல நீள்வது இவ்வகை ஜூம்களில் சகஜம், அதற்காக ஒதுக்க வேண்டாம். விடுவித்த நொடியே பொத்தென்று விழுந்தால்தான் யோசிக்க வேண்டும். பின்புறத்திலிருந்து டார்ச் அடித்து, உள்ளே ஒட்டடை நூல்போல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கேமராவை முக்காலியில் வைத்து, செங்கல் சுவரை நேர் எதிரே நின்று 15-இல், எஃப் 5.6-இல் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவில் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. மூன்று மூலைகளில் செங்கல்லின் விளிம்பு தெளிந்து, ஒன்றில் மட்டும் கலங்கியிருந்தால், உள்ளே ஒரு கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கிறது. அந்த லென்ஸை விற்பவரிடமே கொடுத்துவிடுங்கள்.