ரிம் என்னுடையது, டயர் என்னுடையது இல்லை

டயர்களைக் கடையில் விட்டு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே நேரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் 28 மாதம் போய்ப் பார்க்கவில்லை.

2023 பிப்ரவரியில் இங்கே சிங்கப்பூரில் காருக்குப் பெரிய ரிம் போட்டேன். வண்டியோடு வந்த 16 அங்குல ரிம்மும் டயரும் ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதவை. வண்டியை விற்கும்போது திரும்ப மாட்டலாம் என்று எண்ணினேன். வீட்டுக்குள்ளேயே இருக்கும் காப்பறையான பாம் ஷெல்ட்டர் முழுக்கச் சாமான். கடைக்காரரே வழி சொன்னார்: "அண்ணே, ஏன் சிரமப்படுறீங்க? இங்கயே விட்டுட்டுப் போங்க. உள்ளே ஏர்கான் ரூம் இருக்கு. மாசம் 15 வெள்ளிதான்." நம்மவர், பணிவாகப் பேசுகிறார் என்று நம்பிவிட்டேன். அந்த அறையைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. ரசீதில் "டயர் 4" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

2025 ஜூனில் போன் செய்துவிட்டுப் போனேன். நாலும் வாசலில் பளபளவென்று தயாராக இருந்தன. பாக்கியைக் கட்டி, மொத்தம் 420 வெள்ளியை முடித்துவிட்டு ஏற்றி வந்தேன். கார்ப்பேட்டையில் இறக்கும்போது கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. என் மனைவி ஈரத்துணியால் ஒரு டயரைத் துடைத்தார். பாலிஷ் போனதும் பக்கச்சுவர் முழுக்க மயிரிழை மாதிரி வெடிப்புகள்.

அதோடு போகவில்லை. டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 1422 என்றால் 2022ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அதனால் உள்பக்கமும் பார்க்க வேண்டும். என் வண்டி 2022இல் புதிதாக வாங்கியது. இரண்டு டயர்களில் 1422. மற்ற இரண்டில் 3717. ரிம் நாலும் என்னுடையவைதான். அவற்றிலிருந்து என் டயர்கள் இரண்டைக் கழற்றிவிட்டு 2017இல் செய்த பழசை மாட்டியிருக்கிறார்கள். இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது. மழைச்சாலையில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த டயரில் போயிருப்பேன்.

மறுநாள் சொல்லாமல் போய் நின்றேன். ஏர்கான் அறையே கிடையாது. பின்பக்கம் துத்தநாகக் கூரைக்குக் கீழே, பாதி வெயிலில், டயர்கள் அடுக்கியிருந்தன. பக்கத்திலேயே கம்ப்ரஸர், வெல்டிங். ரப்பருக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது. மின்மோட்டாரின் பொறியும் வெல்டிங்கும் ஓசோனை உண்டாக்கும், அது ரப்பரை அரித்துப் பிளக்கும். அதைத் தடுக்க டயருக்குள்ளேயே ஒரு மெழுகு சேர்த்துத்தான் செய்கிறார்கள். ஆனால் டயர் ஓடி, வளைந்து கொடுத்தால்தான் அந்த மெழுகு மேலே நன்றாக வரும். சும்மா கிடக்கும் டயருக்கு அந்தக் காவல் குறைவு. அடுக்கின் மேல் ரிம்மில் மழைநீர் தேங்கி, அதில் கொசுப்புழு நெளிந்ததையும் பார்த்தேன். டெங்கி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஊரில் இப்படி! தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு அன்றே தகவல் கொடுத்தேன்.

கடைக்காரர் அசையவில்லை. "நீங்க குடுத்ததே இதுதான் அண்ணே, போட்டோ இருந்தா காட்டுங்க" என்றார். என்னிடம் இல்லை. டயரைக் கொடுக்கும் எவரும், நாலு டயரின் டிஓடி எண்ணையும் படமெடுத்து, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். இரண்டு நிமிட வேலை.

முடிந்தால் வீட்டிலேயே வையுங்கள். ஷெல்ட்டரில் பாதியைக் காலி செய்து, என் டயர்களில் மிஞ்சிய இரண்டையும் இப்போது அங்கேதான் வைத்திருக்கிறேன். அவற்றை இனி ஓட்டப் போவதில்லை, சாட்சிக்காக வைத்தேன். நல்ல டயரானால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெளிச்சம் புகாத கறுப்புப் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். பாலிஷ் எதுவும் பூச வேண்டாம். ரிம்மோடு இருந்தால் படுக்கையாக அடுக்கலாம். ரிம் இல்லாத டயரை நிமிர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே இடத்தில் பாரம் அமுங்கி உருக்குலையும். வீட்டு வாசல் நடைபாதையில் மட்டும் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் அண்டை வீட்டுக்காரர் தப்பிக்கும் வழி அது.

அப்புறம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டேன். 20,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சமரசப் பேச்சில், ஏர்கான் அறை இல்லை என்பதை ஒப்புக்கொண்டு 420 வெள்ளியைத் திருப்பித் தந்தார்கள். மாற்றிய இரண்டு டயர்களுக்கு என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.